ஆணி அடித்த ஜன்னல்

எனக்கு அறை பிடிக்க மூன்று வீடுகள் பார்ப்பதாக ஏற்பாடு. வீடு காட்ட வந்த மணிகண்டபிரபுவின் ஆட்டோவில் அப்பா ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். நடுவில் என் பை. அம்மா இருந்திருந்தால் அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

அம்மா ஏப்ரலில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருடத்தில் ஒரு தாளை நான் எழுதவில்லை. அழவும் இல்லை. பிள்ளை மரத்துப்போய் இருக்கிறாள் என்று துஷ்டிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்கும். எனக்கு உடம்பு முழுவதும் அப்படி இருந்தது.

அப்பா போலீஸ் ஏட்டாக இருந்து மே மாதம் ஓய்வு பெற்றவர். நானும் அவரும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. சண்டையெல்லாம் கிடையாது, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். எனக்கு ஒன்று வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வேன். சோறு போடும்போது அம்மா அவரிடம் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பி வரும். நான் கண்ணாடி போட்டதும் அப்படித்தான், மேற்படிப்புக்குக் குற்றாலத்துக்கு வந்ததும் அப்படித்தான்.

போன வருடம் தென்காசியில் அப்பா பிடித்துக் கொடுத்த அறையில் நானும் கூடப் படிக்கும் ஹஸீபாவும் இருந்தோம். ஜூலையில் பார்த்த அறை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, கதவைத் திறந்ததும் குளிர்ந்தது. ஒரே ஜன்னல். எதிரே ஆண்கள் தங்கும் மேன்சன் இருந்ததால் ஜன்னலுக்கு ஆணி அடித்திருந்தார்கள். "பிள்ளைகளுக்குச் சேப்டி" என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

மார்ச்சில் புழுக்கம் தொடங்கியது. மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, நகர்த்துகிறது. உள்ளே இருக்கும் காற்றிலேயே ஈரம் நிறைந்துவிட்டால் அதை எத்தனை சுற்று சுற்றினாலும் வேர்வை ஆறாது. ஹஸீபா அந்த அறைக்கு இட்லிக் கொப்பரை என்று பெயர் வைத்தாள். "ரெண்டு இட்லி உள்ள வெந்துட்டிருக்கு. எவளாவது மூடியைத் தெறங்களேன்" என்று சுவரைத் தட்டிக் கத்துவாள். புத்தகத்தில் கை வைத்த இடம் ஊறிப் பொங்கும். நான் ராத்திரி தூங்காமல் வகுப்பில் போய்த் தூங்கினேன். இந்த வருடம் ஹஸீபா அறையே வேண்டாம் என்று கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். எங்கள் ஊர் ஊத்துமலைக்கும் அந்தப் பக்கம். பஸ்ஸை நம்ப முடியாது.

மார்ச் கடைசியில் அம்மா ஒரு நாள் அறைக்கு வந்திருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படிட்டி இதுக்குள்ள கெடக்க?"

"ஜன்னல் தெறக்க முடியாதும்மா."

"ஒங்கப்பாட்ட நான் சொல்லுதேன். அடுத்த வருசம் காத்து வார ரூமாப் பாப்போம்."

சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு வருடம் அப்படி ஓர் அறை என்றால் நான் படித்து முடிக்க மாட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தம்கூட இல்லை. கணக்குப் போட்டால் விடை வருவது போலத்தான் தெரிந்தது.

முதல் வீடு குற்றாலத்தில், ஐந்தருவிப் பாதையில். வீட்டுக்காரர் சுடலைமாடன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"பிள்ளைகளுக்கு ஆடி கழிச்சுதான் அண்ணாச்சி. இப்போ சீசன் பார்ட்டி வருது. நாள் வாடகை."

"ஆடி வரைக்கும் பிள்ளை எங்கன இருக்கும்?"

"போன வருசம் இருந்த பிள்ளைக லீவு போட்டுட்டு ஊருக்குப் போச்சு. சமத்துப் பிள்ளைக."

உள்ளே ஒரு பெரிய குடும்பம் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தென்காசியில், மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. தகரத்தில் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மணிகண்டபிரபு கையை விரித்து நின்றான்.

"ஏட்டையா, எப்படி இருக்கு பாத்தியளா? ஏசியே வேண்டாம்."

"சாரலுக்கு மாட்டுத் தொழுவும் ஏசிதாம்லே" என்றார் அப்பா.

எனக்கு உள்ளே எதுவோ லேசானது. சாரல் குளிரை நம்பி அறை பிடிக்கக் கூடாது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவர் அடுத்த வீட்டு மாடிக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைக் காலால் அளந்தார். "அங்கேருந்து இங்க ஒரே தாவுதான். வேண்டாம்" என்றார். வேண்டாம் என்பதில் மட்டும் நாங்கள் ஒத்துப்போனோம்.

மூன்றாவது வீடு இலஞ்சிக்குப் போகும் வழியில். வீட்டுக்காரி முப்பிடாதியம்மாள் கொத்துச் சாவியோடு வந்தாள். மணிகண்டபிரபு, "ஏட்டையா மக" என்றான்.

"போலீஸ் வீட்டுப் பிள்ளையா? அப்போ வாடகை ஒண்ணாந்தேதி டாண்ணு வந்திரும். இல்லாட்டி வரவே வராது."

அப்பா சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

அறை உயரமாக இருந்தது, ஓட்டுக்கூரைக்கு அடியில் பலகை அடித்து. கிழக்கே வாசல். மேற்கே, வாசலுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மரஜன்னல். காற்று மேற்கே மலைக் கணவாயிலிருந்துதான் வரும். இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. நான் ஜன்னலிடம் போனேன். நான்கு மூலைகளிலும் ஆணி.

"தென்னந்தோப்புக்கு அங்கிட்டு லாட்ஜு" என்றாள் முப்பிடாதியம்மாள். "சீசனுக்கு வாரவனுவ துண்டைக் கட்டிட்டு இங்கனயே பாத்துட்டு நிப்பானுவ. போன வருசமே அடிச்சிட்டேன். ஈ நுழையாது."

"நல்ல காரியம் பண்ணுனீய" என்றார் அப்பா. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். குளியலறைக் கதவைத் தட்டிப் பார்த்தார். இங்கே பேசி முடித்துவிடுவார் என்று தெரிந்தது.

ஜன்னலின் இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில் ஒரு கீறல் இருந்தது. விரலை வைத்தேன். நூல் போலக் காற்று வந்தது.

சீசனில் காற்று அடிக்கும், லாட்ஜில் ஆள் இருக்கும், ஜன்னலைத் திறக்க முடியாது. மார்ச்சில் லாட்ஜ் காலியாகக் கிடக்கும், திறக்கலாம், ஆனால் ஆணி இருக்கும். இதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் அம்மா அதை அப்பாவிடம் சரியான வார்த்தைகளில் சொல்லியிருப்பாள்.

அப்பா வழக்கம்போல முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, "பிடிச்சிருக்கான்னு..." என்றார். அங்கே யாரும் இல்லை. நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிடிச்சிருக்கா?"

"ஜன்னல் தெறக்கணும்" என்றேன். "ஆணியை எடுக்கச் சொல்லுங்க."

"எதுத்தாப்புல லாட்ஜு."

"சீசன் முடிஞ்சா ஆள் இருக்காது. வெக்கை இருக்கும். போன வருசம் நான் தூங்கவே இல்லை."

முப்பிடாதியம்மாள் சாவிகளை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். அப்பா ஜன்னலையே பார்த்தார்.

"அம்மாட்ட சொன்னேன்" என்றேன். "அம்மா சொல்லுதேன்னு சொன்னா."

"சொன்னா" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்தேன்.

"நாந்தான் முடியாதுன்னேன். ஸ்டேசன்ல எத்தனை கேஸ் பாத்திருக்கேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருன்னு சொல்லிட்டேன்." பிறகு, "ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல. தட்டை மட்டும் வச்சிட்டுப் போனா" என்றார்.

சாரல் ஓட்டில் விழும் சத்தம் பலகை வழியாகக் கேட்டது. அப்பா ஜன்னல் மூலையில் ஆணியைத் தடவிப் பார்த்தார்.

"கொறடு இருக்கா?" என்று முப்பிடாதியம்மாளிடம் கேட்டார்.

"எதுக்கு? அண்ணாச்சி, பொறவு எவனாவது பாத்தா என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். கொண்டாங்க."

துருப்பிடித்த ஆணிகள். அப்பா ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். மணிகண்டபிரபு, "விடுங்க ஏட்டையா, நான் பாக்கேன்" என்று வந்தான். அப்பா கொடுக்கவில்லை. மூன்று வந்தன. நான்காவதில் தலை மட்டும் முறிந்து கையோடு வந்தது. வலது கதவு அசையவில்லை. இடது கதவு பாதிவரை திறந்து, ஏதோ தடுத்து நின்றது.

காற்று நேராக உள்ளே வந்து வாசல் வழியாக வெளியே போனது. சுவரில் பழைய காலண்டர் படபடத்தது.

தோப்புக்கு அப்பால் லாட்ஜின் பின்புறம் தெரிந்தது. மாடியில் காயாத துண்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒருவன் பல் துலக்கியபடி எங்களைப் பார்த்தான். அப்பா ஜன்னலை மறைத்து நின்றுகொண்டு அவனைப் பார்த்தார். அவன் துப்பிவிட்டு உள்ளே போனான். அப்பா அங்கேயே நின்றார். தினமும் இங்கே வந்து நிற்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"கீழ்ப் பாதிக்கு ஸ்க்ரீன் போட்டுக்கோ" என்றார் திரும்பாமல். "மேல தெறந்து கெடக்கட்டும்."

"சரி."

"என்ன கலரு?"

இதுவரை அவர் என்னிடம் நிறம் கேட்டதில்லை. எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

"எதுன்னாலும் சரிப்பா."

முப்பிடாதியம்மாள் குனிந்து ஆணிகளைப் பொறுக்கினாள். வளைந்ததைத் தரையில் வைத்துக் குறட்டால் தட்டி நிமிர்த்தினாள். "கெடக்கட்டும். நீ காலி பண்ணிட்டுப் போவும்போது அடிச்சிக்கிடுதேன்" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்பா விலகிக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வந்து கையை வெளியே நீட்டினேன். சாரல் விழுந்து கை நனைந்தது. துடைக்கத் தோன்றவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டிருந்தேன்.