பதில் வந்த வீடு

மூன்றாம் ஆண்டின் முதல் செய்முறை வகுப்பில் அவள் அனுப்பிய பிங்குக்குப் பதில் கணினித் திரையில் வரவில்லை; நாலைந்து தெரு தள்ளியிருந்த வீட்டில், பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன அவள் அப்பாவின் வாயில் வந்தது. “வந்துச்சு,” என்றார். நான்கு முறை சொல்லிவிட்டுப் பழையபடி வாயை மூடிக்கொண்டார்.

அவள் கணினி வலையமைப்பு நிர்வாகத்தில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பிங் அங்கே அரிச்சுவடி. ஒரு கணினி இன்னொன்றை ‘இருக்கியா?’ என்று நான்கு தடவை கேட்கும், மற்றது ‘இருக்கேன்’ என்று நான்கு தடவை சொல்லும், இணைப்பு சரி என்று அர்த்தம். அவளுக்கு மட்டும் யாரும் இருக்கேன் என்று சொல்லவில்லை. கேபிளின் முனையை வெட்டி, எட்டுக் கம்பிகளையும் நிற வரிசையில் அடுக்கி, புது முனை போட்டு அழுத்தினாள். முகவரியை அழித்து மறுபடி அடித்தாள். இடம் மாறி உட்கார்ந்தாள். அவள் எழுந்த கணினியில் தோழி உட்கார்ந்ததும் பதில் மடமடவென்று கொட்டியது. அவள் போய் உட்கார்ந்தது ஊமையானது. “உனக்கு மட்டும் ஏம்மா இப்படி?” என்று கேபிள் சார் எரிந்து விழுந்தார். விரிவுரையாளரான அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, அவர் மனைவியைத் தவிர யாரும் அதை உபயோகிக்கவில்லை. அந்தப் பருவச் செய்முறைத் தேர்வில் அவளை ஃபெயிலாக்கினார்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. லாரி ஓட்டிய மனிதர், இரண்டு வருடமாக நாற்காலியில் கிடந்தவர், வாய் திறந்துவிட்டார் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சிரித்து அழுதாள். டாக்டர் மருந்தைக் கூட்டினார். மகளுக்கு லேப் இல்லாத நாட்களில் அவர் பேசுவதில்லை என்பதை அம்மாதான் கண்டுபிடித்தாள். மகள் நம்பாமல், ஒரு கையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மறு கையால் விசையைத் தட்டினாள். திரையில் ‘பதில் இல்லை’ என்று விழுந்தது. போனில் அப்பா, “வந்துச்சு,” என்றார். அழுவதா கத்துவதா என்று தெரியாமல் கேபிள் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

“வந்திருக்கும்மா, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா ஸ்கிரீன்ல வரணும். மார்க் ஸ்கிரீனுக்குத்தான்.”

அடுத்த தேர்விலும் தோற்றாள். அந்த ஆத்திரத்தில் ஒருநாள், அனுப்பும் செய்தியின் அளவை நாற்பது மடங்கு கூட்டித் தட்டினாள். வீட்டில் அப்பா முதல்முறையாக முழு வாக்கியம் பேசினார். “நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்புங்கன்னு ரெண்டு வருஷமா மனசுக்குள்ள கத்திக்கிட்டிருக்கேன், இந்த வீட்ல ஒருத்தருக்கும் காது கேக்கல!” அம்மா பதறிப்போய் முதல் தடவையிலேயே திருப்பிவிட்டாள். மிச்ச மூன்று தடவையும், “அதான் திருப்பிட்டேனே!” என்று பதிலுக்குக் கத்தினாள்.

அதன்பின் லேப் நேரமெல்லாம் அவர்கள் சண்டைக்கே போயிற்று. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு பேச்சு பேசுவாள், மகள் விசையைத் தட்டுவாள், அப்பா பதில் சொல்வார். லாரியை அடிமாட்டு விலைக்கு விற்றது, ரசத்தில் உப்பில்லாதது, வருகிறவர்களெல்லாம் அவரைச் செவிடர் என்று நினைத்துக் காதருகே கூவுவது, எல்லாம் வெளியே வந்தது. தோழிகள் ஒவ்வொருவராக செர்வர், ஃபயர்வால் என்று அடுத்த பாடங்களுக்குப் போய்விட்டார்கள். இறுதித் தேர்வுக்கு முந்தின நாள் அவளால் தாங்க முடியவில்லை. “அப்பா, எனக்கு வரவேண்டிய பதிலை எல்லாம் நீங்களே வாங்கிக்கிறீங்க! ஒருநாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் பாஸாயிடுவேன்!” என்று போனில் கத்தினாள். லேப்பே திரும்பிப் பார்த்தது. மறுமுனையில் அம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் தட்டியதும் திரையில் நான்கு வரிகள் வரிசையாக வந்தன. கேபிள் சார் அவள் தலையில் கை வைத்து, “அப்பாடா,” என்றார். வீட்டுக்கு ஓடினாள். அப்பா துண்டைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. “காலையிலேர்ந்து இப்படித்தான். எடுக்க விடமாட்டேங்கிறாரு,” என்றாள் அம்மா. மகள் துண்டை உருவினாள். “பேசுங்கப்பா,” என்றாள். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. படிப்பு முடிந்துவிட்டது, லேப்புக்குள் இனி விடமாட்டார்கள், வீட்டில் கணினியும் கிடையாது. அந்த வருடம் முழுக்க அவள் விண்ணப்பம் போட்டாள், நேர்காணல்களில் பழைய மதிப்பெண்களுக்குச் சமாதானம் சொன்னாள், வீட்டில் அவர் முகத்தைப் பார்க்கக் கூசினாள்.

கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் செர்வர் அறையில் வேலை கிடைத்தது, ஆறு மாதம் தகுதிகாண் என்ற நிபந்தனையோடு. முதல் நாள் மேலாளர் பின்னால் நின்று, “மாடி கனெக்‌ஷன் இருக்கான்னு பாருங்க,” என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று அளவை முழுக்க ஏற்றித் தட்டினாள். ‘பதில் இல்லை’ என்றது திரை. மேலாளர் தொண்டையைச் செருமினார். அவள் போன் அடித்தது. அம்மாவின் குரலைத் தாண்டி அப்பாவின் குரல் கேட்டது:

“வந்துச்சு, வந்துச்சு! வேலை கிடைச்சா அப்பன்கிட்ட வந்து சொல்லணும்னு தோணல, இல்ல? அன்னிக்கு நீ கத்தினதுக்குக்கூட நான் கோவிச்சுக்கலடி, இதுக்குத்தான் கோவிச்சுக்கிட்டேன்.”

அவள் மேஜையில் முகம் புதைத்துக்கொண்டாள், மேலாளர் மாடிக்குப் போய்ப் பார்த்தார், இணைப்பு இருந்தது. தகுதிகாண் காலம் ஒழுங்காக முடிந்தது. இப்போது சந்தேகம் வந்தால் அவள் விசையைத் தட்ட, நிறுவனத்தில் யாராவது அவள் வீட்டுக்கே போன் போட்டு, “சார், ரெண்டாவது மாடி வருதா?” என்று கேட்கிறார்கள். சாப்பிட்ட பிறகு கண்ணசர விடுவதில்லை என்று அப்பா சத்தம் போட்டதால், சோதனைகளை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றி எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போயிருக்கிறது.