முதுகில் நடந்த பாட்டு

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று வாயால் கூப்பிட, இன்னொன்று கையால் கூப்பிட. கைப்பெயர்களை வைத்தவன் என் தங்கை மகன். பிறவியிலேயே காது கேளாதவன். எனக்கு அவன் வைத்த பெயர் என்ன தெரியுமா? விரல்களும் கட்டைவிரலும் சேர்ந்து சேர்ந்து விலகும், வாத்து வாய் மாதிரி. அவனுக்கு ஒரு சத்தம்கூடக் கேட்காது. ஆனாலும் பெரியம்மா வாய் ஓயாதது என்று தொட்டிலில் கிடக்கும்போதே கண்டுபிடித்துவிட்டான்.

அவன் அம்மாவின் பெயர் வேறு மாதிரி. விரித்த உள்ளங்கையைக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் அழுத்தி வைப்பான். பாசத்தைக் காட்டுகிறான் என்று நாங்களே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டோம். அவனைக் கேட்டால் தோளைக் குலுக்குவான். வைத்த வயதில் காரணம் இருந்திருக்கும், இப்போது யாருக்கு ஞாபகம்?

அவன் அம்மா, அதாவது என் தங்கை, கவிதை எழுதுகிறவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுதப் போய், பாலும் பாத்திரமும் சேர்ந்து கருகிய கதைகள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு. மகனோ கடைசல் பட்டறை வைத்திருக்கிறான். நாற்காலிக் கால், கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடி எல்லாம் கடைந்து தருவான். வாரம் தவறாமல் அம்மா வீட்டுக்கு வருவான், ஒழுகும் குழாயைச் சரிசெய்வான், சாப்பிடுவான். அம்மாவின் புத்தக அலமாரிக்கும் அவன்தான் மரம் இழைத்தான். ஆனால் அதிலிருக்கும் அவளுடைய புத்தகங்களைத் தொட்டதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் நூலகத்தில் அவள் கவிதை வாசிப்பதாக ஏற்பாடானது. என் மருமகளுக்கு வேலையே சைகை மொழிபெயர்ப்புதான். மருத்துவமனை, வங்கி, கோர்ட்டு என்று போய், வாயால் பேசுகிறவர்களுக்கும் கையால் பேசுகிறவர்களுக்கும் நடுவில் நிற்பவள். அவளையே மேடையில் நிறுத்துவதாக நூலகத்தில் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவின் கவிதையை மகன் முதன்முதலாகப் பார்க்கப் போகிறான்! அவனைக் கூப்பிட நானும் மருமகளும் பட்டறைக்குப் போனோம்.

அவன் லேத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தான். மெஷின் சரியாக ஓடுகிறதா என்று மற்றவர்கள் காதால் பார்ப்பார்கள், அவன் கையால் பார்ப்பான். எங்கோ ஒரு பேரிங் தேய ஆரம்பித்தால் அவன் கைக்கு முதலில் தெரிந்துவிடும். மெஷினை நிறுத்திவிட்டு விஷயத்தைக் கேட்டான். முகம் மாறியது. அவன் கை பேசப் பேச மருமகள் எனக்கு வாயால் சொன்னாள்.

"வர்றேன், பெரியம்மா. ஆனா அந்தக் கவிதை மட்டும் வேண்டாம்."

"எந்தக் கவிதைடா?"

"ஊரே புகழுதே, அதுதான். நானும் படிச்சேன், எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். காலேஜ் புத்தகத்துல அதுக்கு மேல என்ன போட்டிருக்கு தெரியுமா? 'குழந்தையைப் பறிகொடுத்த தாயின் ஒப்பாரி.' அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அப்போ செத்தது யாரு?"

அவன் கை நிற்கவில்லை.

"காது கேக்காத பிள்ளை செத்த பிள்ளைக்குச் சமம்னு அழுதிருக்காங்க. அழட்டும். நான் அதைப் பாக்க மாட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நாக்கு அரித்தது. "நேரா அவகிட்டப் போய்ச் சொல்லிடறேன். என்னடி எழுதித் தொலைச்ச, அந்தப் பிள்ளை வெந்துபோய்க் கெடக்கான்னு."

மருமகள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "அத்தை, வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தர் கையால சொன்னதை நான் இன்னொருத்தர் காதுக்குக் கொண்டுபோனேன்னா, நாளைக்கு எவரும் என் முன்னால கையைத் தூக்க மாட்டாங்க. நீங்க கேட்டதும் என் வாய் வழியாத்தான். என் தொழில்ல மண்ணைப் போட்டுடாதீங்க."

வாத்து வாயைப் பொத்திக்கொண்டு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

ஒத்திகைக்குத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளினோம். மருமகள் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவிதைக்கும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "சின்னத்தை, இதை யாரைப் பாத்துப் பாடறீங்க? என் கண்ணு எங்க போகணும்?"

"எழுதறதும் நானே, உரை சொல்றதும் நானேவா? தோணினபடி செய்யேன்."

"வாயில 'நீ'ன்னு சொன்னாப் போதும். கையில அப்படி முடியாது. ஒரு இடத்தைக் காட்டணும். அந்த 'நீ' எங்க இருக்கான்னு தெரியாம என்னால 'நீ'ன்னே சொல்ல முடியாது."

தங்கை கொஞ்சம் அசந்துதான் போனாள். மருமகள் விளக்கினாள். போற்றிப் பாடினால் கண் மேலே போகும். வசை பாடினால் எதிராளியின் மூஞ்சிக்கு நேரே போகும். காதல் என்றால் போய்ப் போய்த் திரும்பி வரும். ஒப்பாரி என்றால், இருக்கிறவர்கள் எல்லோரையும் தாண்டி, யாருமே இல்லாத இடத்துக்குப் போகும். தாலாட்டு என்றால் மடிக்கு வரும். கவிதையில் இத்தனை வகை இருப்பதே பெயருக்காக இல்லை போலிருக்கிறது. யாரிடம், எதற்காகப் பேசுகிறோம் என்பதிலிருந்து வருகிறது போலிருக்கிறது. இத்தனை வருடம் அக்காவாக இருந்தும் எனக்கு இது தெரியாது.

தெருவிளக்கைப் புகழும் கவிதைக்கு மருமகள் அண்ணாந்தாள். கூரைக்கு மேலே விளக்கு எரிவது எனக்கே தெரிந்தது. பாதியில் நின்றுபோகும் லிஃப்டைத் திட்டும் கவிதைக்குக் கதவோடு மல்லுக்கட்டினாள், சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. அடுத்த தாளை எடுத்தாள். அதுதான்.

*கூப்பிட்டால் திரும்பாத என் கண்ணே,*
*கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.*
*கதவு அறைந்தாலும் கலையாத தூக்கம் உனக்கு,*
*இமை மூடாத காவல் எனக்கு.*
*விளக்கையும் அணைத்தாயிற்று.*
*உன் முதுகில் நடக்கும் என் பாட்டு.*
*தூங்கு.*

"இதுக்கு?" என்றாள் மருமகள், சாதாரணமாகக் கேட்பதுபோல. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அச்சுக்குக் கொடுத்தாச்சு, இனி அது படிக்கிறவங்களோடது. ஒப்பாரின்னு ஒருத்தர் எழுதினார், உச்சம்னு இன்னொருத்தர் எழுதினார். எனக்கென்ன?"

"சரி. அப்போ காலேஜ் புத்தகத்துல போட்டிருக்கறபடி ஒப்பாரியாவே செய்யறேன்."

மருமகள் எழுந்து நின்றாள். முதல் வரிக்குக் கையை நீட்டினாள். அவள் கண் என்னைத் தாண்டி, சுவரைத் தாண்டி, எங்கோ போய்விட்டது. அங்கே ஒரு குழி வெட்டியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் புது மண் குவிந்திருந்ததை நான் பார்த்தேன். இரண்டாவது வரியை அவள் தொடங்குவதற்குள் தங்கை பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க ஏன்டி பாக்கற? அவன் இங்க இருக்கான்! இங்க!" தன் மடியைத் தட்டிக் காட்டினாள். முகத்தில் ரத்தமே இல்லை. தன் கவிதையை மற்றவர்கள் எப்படிப் படித்திருக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் அவள் கண்ணால் பார்த்தாள்.

"அப்போ இது தாலாட்டு," என்றாள் மருமகள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கண்ணை மடிக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினாள். எல்லாம் சரியாக வந்தது. விளக்கை அணைக்கும் வரியில் கை நின்றுவிட்டது.

"சின்னத்தை, இங்க இடிக்குது. காது கேக்கற பிள்ளை இருட்டுலயும் பாட்டைக் கேக்கும். கையால பாடினா, விளக்கை அணைச்சதும் பாட்டு போயிடும். பிள்ளை கண்ணை மூடினாலும் போயிடும். தூங்கினவனுக்கு எப்படித் தாலாட்டுப் பாடுவீங்க?"

தங்கை எழுந்தாள். மருமகளின் பின்னால் போய் நின்றாள். தன் நெஞ்சை அவள் முதுகில் சாய்த்து, வரியை முணுமுணுத்தபடி உள்ளங்கையால் தட்டினாள். தட்டு, தட்டு, சின்ன இடைவெளி, தட்டு. மருமகளின் கண்கள் விரிந்தன.

"நெஞ்சு அதிருதே!"

"அது அதிரணும்னுதான் பாடினேன். முணுமுணுக்க ஏதாவது வேணுமே, வார்த்தையைக் கோத்தேன். தட்டுக்கு ஏத்த மாதிரி வரி வந்துச்சு. பாடாத ராத்திரி அவன் கண்ணை மூடமாட்டான், என் நெஞ்சுல கைய வெச்சு அழுத்துவான், ஆரம்பின்னு. அதுக்கப்புறம்தான் நான் கவிதை எழுதவே ஆரம்பிச்சேன். இதையெல்லாம் மேடையில சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

நெஞ்சில் கை. நானும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நூலகத்தில் அன்று நல்ல கூட்டம். பட்டறைத் தூள் சட்டையோடு அவன் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான், பக்கத்தில் நான். தெருவிளக்கைப் பார்த்து அவனும் அண்ணாந்தான். லிஃப்டுக்குத் தோள் குலுங்கச் சிரித்தான். என் விலாவில் இடித்து, 'அம்மா எழுதினதா?' என்று முகத்தால் கேட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு தங்கை அந்தத் தாளை எடுத்தாள். மருமகளின் கை முதல் வரிக்கு எழும்பியது. அவ்வளவுதான். அவன் அடையாளம் கண்டுகொண்டான். குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மருமகளின் கண் மடியில் இருந்தது. எத்தனை அழகாகப் பிள்ளையை ஏந்தியிருந்தாள்! யார் பார்க்க வேண்டுமோ அவன் பார்க்கவில்லை. அவன் கையைப் பிடித்து உலுக்கலாமா என்று தவித்தேன். பயமாக இருந்தது. உலுக்கினால் எழுந்து போய்விடுவான்.

தங்கை மகனைப் பார்த்தாள். வாசிப்பு நின்றது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். நேரே அவன் நாற்காலிக்குப் பின்னால் போனாள். குனிந்து, நாற்காலிச் சாய்மானத்துக்கு மேலாக அவன் முதுகில் தன் நெஞ்சை வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். உள்ளங்கை அவன் தோள்பட்டையில் தட்டியது. தட்டு, தட்டு, சின்ன இடைவெளி, தட்டு.

அவன் உடம்பு விறைத்தது. நாற்காலியின் கையைப் பிடித்தான், எழப்போகிறான் என்றே நினைத்தேன். எழவில்லை. தேய்ந்த பேரிங்கைத் தேடும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பானே, அப்படிச் சாய்த்தான். அவன் விரல்கள் தொடையின் மேல் தாமாகத் தட்டத் தொடங்கின. சின்ன இடைவெளியைக்கூட அவை விடவில்லை. அடுத்த வரிக்கான தட்டு அம்மாவின் கையிலிருந்து வருவதற்கு முன்பே அவன் விரலில் வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், இத்தனை வருடம் எங்கே இருந்தது அது? எலும்புக்குள்ளேயா?

மேடையில் மருமகள் கையைக் கீழே இறக்கிவிட்டாள். மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"தூங்கு," என்று தங்கை முடித்தாள். அவன் கண்ணைத் திறந்து திரும்பினான். கையை நீட்டி, அவள் கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான். அம்மாவைக் கூப்பிடும் பெயர் அது. தான் வைத்த பெயருக்கு அப்போதுதான் அவனுக்கே அர்த்தம் தெரிந்தது என்று நினைக்கிறேன். அப்படியே மருமகளைப் பார்த்து மற்றக் கையால் ஏதோ கேட்டான்.

"'இதுவா அது? எனக்குப் பாடினதா?'ன்னு கேக்கறார்," என்றாள் மருமகள்.

தங்கை அவன் கைமேல் தன் கையை வைத்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

கூட்டத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. என் வாய்கூடத் திறந்தபடியே நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான், வாத்து வாயைக் காட்டி அதை மெல்ல மூடிக் கேலி செய்தான். பிறகு அம்மாவின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலே, ஒரு விரலைச் சுழற்றிக் காட்டினான். லேத்தைத் திரும்ப ஓட்டச் சொல்லும்போது செய்வது அது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

மறுபடியும் என்றான். தங்கை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.