வார்னிஷ் பூசிய செபமாலை

1

இந்தக் கதை எனக்கு ஒரு எரிச்சலிலிருந்து கிடைத்தது. பழைய மணிகளைச் சேர்க்கிற பெங்களூர்க்காரர் ஒருவர், "தேஞ்ச மணியிலதான் சார் உயிர் இருக்கு" என்று வெகுநேரம் கழுத்தறுத்தார். தேய்த்த விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆத்திரத்தில் எழுத உட்கார்ந்தேன்.

எண்பத்து நான்காம் வருடம், கடத்தூரின் செம்மண்ணை அந்திவெயில்—

(வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

கடத்தூர்ப் பக்கம் பாக்கியமேரி. புருஷன் அருள்நாதன் சாராயத்தை விடவேண்டும் என்று வருடக்கணக்கில் மரமணிச் செபமாலை உருட்டினாள். மணிகள் ஒரு பக்கம் பள்ளமாகத் தேய்ந்தன. அவரும் ஒருவழியாக விட்டார். மாதா கோயில் திருவிழாவில் மாலையைப் பார்த்த பெங்களூர்க்காரர் (அதே ஆள்தான், பெயர் வைக்க மாட்டேன், அவ்வளவு கோபம்) விலைக்குக் கேட்டார்.

"கடையில புதுசு வாங்கிக்கங்க சார்."

"புதுசு வேணாம்மா. இப்படித் தேஞ்சதுதான் வேணும்."

"எங்க வூட்டுக்காரருகூடத் தேஞ்சுதான் போயிட்டாரு. கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அருள்நாதனோ அவளுக்குத் தெரியாமல் வரும் ஞாயிறு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். உழவுமாட்டு ஜோடியில் ஒன்று செத்துப்போயிருந்தது, வேறு வாங்கக் காசு வேண்டும்.

3

இங்கே அருள்நாதனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். ஆள் ஒத்துவரவில்லை.* சந்தைக்கு மாடு ஓட்டுவதற்கு முன் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுகிறவர் அவர். விற்கிற பொருள் அழகாக இருக்க வேண்டாமா? சனிக்கிழமை பாக்கியமேரி களைவெட்டப் போன நேரத்தில், மணி மணியாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷும் அடித்துவிட்டார். பள்ளமெல்லாம் போய்விட்டது.

மறுநாள் வந்த பெங்களூர்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "கெடுத்துட்டீங்களே!" காரை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். பாக்கியமேரிக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

* குடித்த காலத்தில்கூட மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்ததில்லையாம். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

4

முடிவு ஒன்று: பாக்கியமேரி சிரித்துவிடுகிறாள். (பொய்.)

முடிவு இரண்டு: அருள்நாதன் மறுபடி சாராயக்கடைப் பக்கம்— (அடித்துவிட்டேன். அவள் இத்தனை வருடம் பட்டது போதாதா?)

நடந்தது இவ்வளவுதான். அவள் மாலையை வாங்கி உருட்டிப் பார்த்தாள். விரல் வழுக்கியது, எந்த மணியிலும் நிற்கவில்லை.

"அத்தனையும் உங்களுக்காகத் தேஞ்சதுங்க. அதப்போயி இப்படி வழிச்சுப் போட்டுட்டீங்களே."

அருள்நாதன் நிற்கிறார். நகக்கண்ணில் வார்னிஷ் இன்னும் போகவில்லை. அவர் வாயில் நான் வைத்த சமாதானம் ஒவ்வொன்றையும் அடித்தாயிற்று. பாக்கியமேரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது அவருக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்கள். என்னிடம் இல்லை.