இடது ஓரத்து இருட்டு

பல் டாக்டர் கேட்டது ஒரே ஒரு படம். அவருடைய புது கிளினிக்கில், காத்திருப்பவர்கள் உட்காரும் அறையில், இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒடுக்கமாக, உயரமாக ஒரு சுவர் இருந்தது. அதில் மாட்டக் கடல் வேண்டும். ஆனால் ஊரில் எல்லோரும் மாட்டுகிற கடலாக இருக்கக் கூடாது. "பாத்ததும் மனசு அடங்கணும். என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் வாசல்லயே நடுங்கிட்டு நிக்கிறாங்க" என்றார்.

அவர் கேட்ட போட்டோ ஸ்டூடியோக்காரிக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. கல்யாணம், பிறந்தநாள், பாஸ்போர்ட் சைஸ் என்று நாலு சுவருக்குள் பிழைப்பு நடத்துகிறவள். குகைக்குள் நின்று வெளியே பார்த்து எடுத்தால், பாறையே சட்டம் போட்ட மாதிரி கறுப்பாகச் சுற்றி நிற்க, நடுவில் கடல் மட்டும் தெரியும் என்று யோசனை சொன்னது அவள் நாத்தனார். ஸ்டூடியோவில் பாதி வேலை அவளுடையது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சிட்டு.

"வாயைப் பொளந்து வச்ச மாதிரிதான் இருக்கும் அண்ணி. பல் டாக்டருக்கு அதைவிட வேற என்ன வேணும்?"

தண்ணீர் நன்றாக வற்றியிருந்த காலை நேரத்தில் படகுக்காரர் இருவரையும் குகை வாசலில் இறக்கிவிட்டார்.

"நான் வெளிய தள்ளி நிக்கிறேன். விசில் அடிச்சேன்னா, என்ன வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்துடணும்மா. தண்ணி ஏறுச்சுன்னா இந்த வாசல் மூடிக்கும்."

"மூடிக்கும்னா?"

"மூடிக்கும்னா மூடிக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்கள். கடைசியில் ஒரு கூழாங்கல் மேடு. அதில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது வாசல் வெளிச்சத்தில் கண் கூசியது. மற்ற எல்லாப் பக்கமும் இருட்டு. ஒவ்வொரு அலை உள்ளே வரும்போதும் பின்னால் எங்கோ ஒரு பொந்தில் காற்று அடைபட்டு, அலை போகும்போது பெருமூச்சாக வெளியே வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அதை நாத்தனார் பார்த்துவிடக் கூடாதே என்று ஸ்டாண்டை விரிப்பதில் மும்முரமானாள்.

முதலில் சும்மா, வெளிச்சம் பார்ப்பதற்காக ஒன்று எடுத்தாள். ஸ்டாண்டு சாய்ந்திருந்ததால் படம் கோணலாக, கூரையும் சுவருமாக வந்தது. பிறகு கேமராவைத் தாழ்த்தி, கூரையை வெளியே தள்ளினாள். கடலில் தனியாக நின்ற ஒரு பாறையை நட்டநடுவில் வைக்காமல் சற்று வலப்பக்கம் ஒதுக்கினாள். வெளியே இருக்கும் வெளிச்சத்துக்கே கேமராவின் அளவை வைத்ததால், குகையின் உட்பக்கம் மை கொட்டியது போல ஆயிற்று. அவளுக்கு வேண்டியதும் அதுதான். வாசல் அகலமாக இருந்தது. படத்தையும் அகலமாகவே எடுத்துக்கொண்டு, டாக்டர் சுவருக்குத் தகுந்த மாதிரி கடையில் உட்கார்ந்து நிதானமாக வெட்டிக்கொள்ளலாம்.

கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் கேமராவில் படாமல் சிட்டு குடை பிடித்திருந்தாள்.

"அண்ணி, யாரோ முனகுற மாதிரி இல்ல?"

"தண்ணி."

"தண்ணி இப்படியா…"

"தண்ணின்னு சொல்றேன்ல. குடையை நேரா பிடி."

அவளுக்கும் கேட்டிருந்தது. தலையைத் திருப்பினால் அங்கே எதையாவது பார்த்துவிடுவோம், பார்த்தால் கால் நிற்காது என்று தோன்றியது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்தடுத்து மூன்று எடுத்தாள். விசில் கேட்டது. ஸ்டாண்டை மடக்கக்கூட இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வெளியே ஓடி வந்தார்கள்.

ஸ்டூடியோவுக்கு வந்து, ஈர உடை மாற்றி, சாப்பிட்டு முடித்து அவள் லேப்டாப்பைத் திறந்தபோது பிற்பகல். முன்னறையில் சிட்டு ஒரு வாடிக்கையாளரை உட்காரவைத்து, "காது தெரியணும் சார், முடியை ஒதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

படம் நன்றாகவே வந்திருந்தது. வலது பக்கத்தை யோசிக்காமல் வெட்டினாள். இடது பக்கம்தான் இழுபறி. கறுப்பை அதிகம் விட்டால் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒட்ட வெட்டினால் குகை என்பதே தெரியவில்லை. பாறையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்ப்பதற்காக அந்த ஓரத்து இருட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கினாள். கறுப்பு சாம்பல் நிறமானது. சாம்பலுக்குள் ஒரு திட்டு தெரிந்தது. திட்டின் மேல் ஏதோ வெளுப்பாக இருந்தது.

பாறையில் கறை என்று நினைத்துப் பெரிதாக்கினாள்.

ஒரு நெற்றி. அதன் கீழே இரண்டு குழிகள். பக்கத்தில், தூக்கிப் பிடித்த ஒரு கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

சுட்டது போல அவள் கையை இழுத்துக்கொண்டாள். சிட்டுவைக் கூப்பிட மேசையை இரண்டு முறை தட்டினாள். எட்டிப் பார்த்த சிட்டு, வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்து குனிந்தாள்.

"என்ன அண்ணி இது… பேயா?"

"பேயா இருந்துட்டா பரவாயில்லையே."

அடுத்த படத்தைத் திறந்து அதே ஓரத்தை வெளிச்சமாக்கினாள். கை பாதிக்கு இறங்கியிருந்தது. மூன்றாவதில் கையே இல்லை. தலை மார்பின் மேல் தொங்கியது.

"அசையுது அண்ணி. உயிரோட இருக்காங்க."

படகுக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, உள்ள ஒரு ஆளு இருக்காங்க. இடது பக்கம், மேல. நாங்க பாக்கல." அவர் மெதுவாக, "வாசல் மூடியாச்சேம்மா" என்றார்.

மீட்புப் படை அலுவலகம் கரையிலேயே இருந்தது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போய் இறங்கினார்கள். அதிகாரி படத்தைப் பார்த்தார். சந்தேகப்படவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"தண்ணி முழுசா ஏற இன்னும் நேரம் இருக்கு. வத்துறவரைக்கும் காத்திருந்தா ஆள் தாங்க மாட்டாங்க. ஆனா உள்ள கூரை எவ்வளவு உயரம்? மேல காத்து நிக்க இடம் இருக்கா? அது தெரியாம ஒருத்தனை அனுப்பினேன்னா, ரெண்டு பேரைத் தூக்கிட்டு வரணும்."

"கூரை உயரமாத்தான் இருந்துச்சு" என்றாள் சிட்டு.

"வாசல் பக்கமா, அந்தாளு இருக்கிற இடத்துலயா?"

சிட்டு அண்ணியைப் பார்த்தாள். அண்ணிக்குத் தெரியாது, அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மூன்று படத்திலும் கூரையை அவளே பார்த்துப் பார்த்து வெளியே தள்ளியிருந்தாள்.

அப்போதுதான் கோணல் படம் ஞாபகம் வந்தது. அந்த மாதிரிப் படங்களை எடுத்த கையோடு அழித்துவிடுவது அவள் வழக்கம். அழித்தேனா, இல்லையா? குகைக்குள் விரல் எந்தப் பொத்தானை அழுத்தியது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பையிலிருந்த கேமரா கார்டை எடுத்துத் தலைகீழாகச் செருகப் பார்த்தாள். சிட்டு வாங்கிச் செருகினாள்.

இருந்தது. கோணலாக, பாதி மங்கலாக. இடது மேல் மூலையை வெளிச்சமாக்கினாள். சுவரின் கீழ்ப்பாதி சிப்பி ஒட்டி ஈரமாகக் கறுத்திருந்தது. அதற்கு மேலே வெளிறிய காய்ந்த பாறை. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல ஒரு எல்லை; தண்ணீர் அதுவரைக்கும்தான் ஏறும். எல்லைக்கு மேலே கூரை குடைந்துகொண்டு உயரே போயிருந்தது.

"காத்து இருக்கு" என்றார் அதிகாரி. அவள் அந்த எல்லைக் கோட்டை, அதே படத்தில் மங்கலாகத் தெரிந்த ஆள்வரை விரலால் தொடர்ந்துகொண்டு போனாள். விரல் அந்த ஆளின் தாடையில் போய் நின்றது.

"உக்காந்த மாதிரியே இருந்தா மூக்குக்குத் தண்ணி வராது. சாஞ்சிட்டா…" என்றாள்.

இடுப்பில் கயிறு கட்டிய ஒருவர், முதுகில் காற்று உருளையோடு, வாசல் இருந்த இடத்தில் முங்கினார். ஆள் உயிரோடு இருந்தால் இரண்டு இழுப்பு, இல்லையென்றால் ஒன்று. கயிற்றின் மறுமுனை படகில் அதிகாரியின் கையில் இருந்தது. கரையிலிருந்து பார்த்த இரண்டு பெண்களுக்கும் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. காலையில் அவர்கள் நடந்து போன வாசல் அங்கே இல்லை. சுவரும் அலையும்தான் இருந்தன. சிட்டு அண்ணியின் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். வலித்தது. எடு என்று சொல்லத் தோன்றவில்லை.

அதிகாரி சட்டென்று எழுந்து நின்றார். திரும்பி இரண்டு விரலைக் காட்டினார்.

அப்போதுதான் சிட்டு அண்ணியின் கையை விட்டாள்.

முங்கியவர், தண்ணீர் இறங்கும்வரை அந்த ஆளைப் பிடித்துத் தூக்கியபடி உள்ளேயே இருந்தார். இருட்டுகிற நேரத்துக்கு வெளியே கொண்டுவந்தார்கள். சிப்பி எடுக்கிறவர். விடியற்காலையில் தனியாக நீந்திப் போனவர், சுவரிலிருந்து வழுக்கி விழுந்து, கணுக்காலும் விலா எலும்பும் முறிந்து, தவழ்ந்து அந்தத் திட்டில் ஏறியிருக்கிறார். கத்த மூச்சு வரவில்லை. முனகத்தான் முடிந்திருக்கிறது.

சில நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனார்கள். அவர் மனைவி இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனாள். அவர் தலையணையில் சாய்ந்து நல்ல தெம்பாகப் பேசினார்.

"நீங்க அந்தக் கேமராவைக் கண்ணுல வச்சீங்க பாருங்க, அப்ப கையை ஆட்டுனேன். க்ளிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. சரி, பாத்துட்டாங்க, ஆள் கூட்டிட்டு வரத்தான் ஓடுறாங்கன்னு நெனச்சேன். தண்ணி கழுத்துக்கு வந்தப்பகூட எனக்குப் பயமே இல்லைம்மா. எப்படியும் வந்துடுவாங்கன்னு தெரியுமே."

சிட்டு அண்ணியின் இடுப்பில் கிள்ளினாள். சொல்லாதே என்று அர்த்தம். ஸ்டூடியோக்காரி பேசாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நாங்க உங்களைப் பாக்கலீங்க. சத்தம் கேட்டுச்சு. பயத்துல நான் திரும்பல."

"அப்ப எப்பப் பாத்தீங்க?"

"கடையில. படத்தை வெட்டும்போது."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. சிரிப்பு அப்படியே வடிந்து, முகம் வெளுத்தது. போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். படத்தைக் காட்டச் சொன்னார். அவள் பையிலிருந்து வெட்டாத படத்தை எடுத்து நீட்டினாள். நீலக் கடல், தனிப் பாறை, சுற்றிலும் கறுப்பு. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் எங்க இருக்கேன்?"

அவள் இடது ஓரத்தில் விரல் வைத்தாள். அங்கே ஒன்றுமே தெரியவில்லை. அவர் விரலையும் பார்த்தார், வாசல் பக்கமும் பார்த்தார். படத்தைக் கவிழ்த்து அவளிடமே நீட்டினார்.

"உள்ள வைங்க" என்றார் மெல்ல. "அவ வர்றதுக்குள்ள உள்ள வைங்க."