ஃப்ரீசர் நாறிய வாரம்

திங்கட்கிழமை காலை நாற்றத்தை முதலில் உணர்ந்தது துப்புரவுப் பெண். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, தாழ்வாரத்து அலமாரிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். எலி இல்லை. நாற்றம் ஃப்ரீசர் அறைக் கதவின் அடியிலிருந்து வந்தது. கூடவே பழுப்பாக ஒரு நீர்க்கோடும் வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் இயக்குநரின் வீட்டுக்குப் போன் போட்டார்.

அந்த ஆய்வு நிறுவனத்தின் பெருமையெல்லாம் அந்த ஒரு ஃப்ரீசருக்குள்தான் இருந்தது. வெயில் ஏறி ஓடைகள் வற்றிப்போன மலைகளிலிருந்து கொண்டுவந்த தவளைகள், வௌவால்கள், சிறு பறவைகள். அவற்றில் சிலவற்றை அதற்குப் பிறகு காட்டில் யாரும் பார்த்ததில்லை.

எல்லோரும் வந்து கதவைத் திறந்தபோது ஃப்ரீசர் உறுமிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே பைகள் பலூனாக ஊதியிருந்தன. மேல்தட்டில் ஒரு பை வெடித்து, அதிலிருந்தது கீழ்த்தட்டுகள் வரை வழிந்திருந்தது. 'தவளைக்காரி' என்று எல்லோரும் கூப்பிடும் இளம் ஆய்வாளர் கையுறைகூட மாட்டாமல் உள்ளே கைவிட்டு ஒரு பையை எடுத்தாள். தோல் தனியாக, சதை தனியாகக் கழன்று, சளி போல ஒரு மூலையில் திரண்டிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கதவைச் சரியா மூடலையோ," என்றாள். "வெள்ளிக்கிழமை கடைசியா திறந்தது நான்தான்கா. ரப்பர் ஒட்டுச்சான்னு பாத்தேனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரமாட்டேங்குது."

அவள் அக்கா என்று கூப்பிட்டது, சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற மானிடவியலாளரை. தவளைகளை ஆராய்பவர்களை ஆராய்வது இவள் வேலை. பருவநிலை மாறுவதையும் உயிரினங்கள் அழிவதையும் நாள்தோறும் அளந்துகொண்டிருப்பவர்கள் அந்த இழப்போடு எப்படி வாழ்கிறார்கள் என்பது கேள்வி. அதற்காகத்தான் ஒரு வருடமாக இந்த நிறுவனத்தின் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அனுமதி வாங்கித் தந்தவர் இயக்குநர். அவர் அவளுடைய அக்காவின் கணவர். தங்கியிருப்பதும் அவர்கள் வீட்டு மாடியில்தான்.

கதவு மூடித்தான் இருந்தது என்பது மானிடவியலாளருக்குத் தெரியும்; தவளைக்காரி அதை மூடியதை அவள் பார்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை நிறுவனத்தில் 'பூமிக்கு ஓய்வு' விழா நடந்தது. இயக்குநர் மின்சாரத்தை நிறுத்த, விருந்தினர்கள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். இயக்குநர் ஒரு சுவிட்சை இறக்கினார். "சார், ஒண்ணுமே தெரியல, பெருசா ஏதாவது இழுங்க," என்றார் புகைப்படக்காரர். ஓரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய கைப்பிடி ஒன்று இருந்தது. படத்துக்கு எடுப்பாக இருக்கும். அதன் மேல் ஒட்டியிருந்த 'அணைக்காதீர்கள்' என்ற அட்டையை விழாப் பதாகையின் நுனி மறைத்திருந்தது. அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மானிடவியலாளர்தான். இயக்குநர் இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் விளக்குகளை மட்டும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஃப்ரீசரும் அதன் எச்சரிக்கை மணியும் அந்தச் சிவப்புக் கைப்பிடியின் இணைப்பிலேயே இருந்தன. அதனால் மணி அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை இயக்குநரின் காரில்தான் அவளும் வந்தாள். அவர் ஃப்ரீசர் அறைக்குப் போகவில்லை. நேராக மின்பலகைக்குப் போய், சிவப்புக் கைப்பிடியை மேலே தள்ளிவிட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான், "என்னப்பா இது, இப்படி நாறுது?" என்று சத்தம் போட்டார்.

இவ்வளவும் தெரிந்துதான் அவள் தவளைக்காரியின் அருகில் குந்தினாள். தன் தோள்பையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வருடத்தில் யாரும் அவள் முன்னால் இப்படி உடைந்ததில்லை.

"சொல்லு," என்றாள் மென்மையாக. "மனசுல இருக்கறதெல்லாம் சொல்லு."

அன்று இரவுச் சாப்பாட்டில் மீன் வறுவல். நாற்றம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டு முறை குளித்தும் போகவில்லை. இயக்குநர் முள்ளைப் பொறுமையாக உருவித் தட்டின் ஓரத்தில் அடுக்கினார்.

"வெயில்தான் காரணம்னு பத்திரிகைக்குச் சொல்லிட்டேன். பருவநிலை மாற்றத்தோட நேரடி பலி. என்ன தலைப்பு பாத்தியா? எங்கெங்கிருந்தோ கூப்பிடறாங்க."

"அத்தான், அந்தச் சிவப்புக் கைப்பிடி…"

"எந்தக் கைப்பிடி?" அவர் தலை நிமிரவில்லை. "விசாரணைக் குழு வியாழக்கிழமை வருது. வெயில் மட்டும்னு சொன்னா மத்த மெஷினெல்லாம் எப்படித் தப்பிச்சுதுன்னு கேப்பாங்க. கதவை மூடாம போனது அந்தப் பொண்ணு. அவளே ஒத்துக்கறா. அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சுது."

"அதுக்கப்புறம் அவளை எவன் ஆய்வு மாதிரி எதையும் தொட விடுவான்?"

"நீ ஏன் கவலைப்படறே? உள்ள பாக்கறது கேக்கறது எதையும் இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோக மாட்டேன்னு சொல்லித்தானே வந்தே? அதை நம்பித்தானேம்மா நாங்கல்லாம் உன் முன்னாடி வாயைத் திறக்கறோம்."

"சாப்பிடற இடத்துல ஆபீஸ் பேச்சு எதுக்கு?" என்றாள் அக்கா. "ஏண்டி, மீனைத் தொடவே இல்ல? அவருக்காவது வைக்கறேன், குடு."

அவள் தட்டிலிருந்த துண்டும் அவர் தட்டுக்குப் போனது.

அடுத்த இரண்டு நாட்களும் அவள் வாய் திறக்கவில்லை. தன் துறையின் நெறி அப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஃப்ரீசரைக் கழுவிக் கழுவித் தாழ்வாரம் முழுக்க மருந்தும் அழுகலும் கலந்த ஒரு இனிப்பு வாடை. தவளைக்காரி போகும்போதெல்லாம் பின்னாலிருந்து யாராவது குரல் கொடுத்தார்கள். "ஏம்மா, பாத்ரூம் கதவையாவது மூடினியா?" எல்லோரும் சிரித்தார்கள், அவளும் அசடாகச் சிரித்தாள். மாடிப்படியில் மானிடவியலாளரிடம், "வீட்டுக் கதவை மூடிட்டுத் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பாக்கறேன்கா. பைத்தியம் மாதிரி," என்றாள். அதையும் கருவி பதிந்துகொண்டது.

புதன்கிழமை மாலை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மானிடவியலாளர் அந்த அழுகையைக் கேட்டுத் தட்டச்சு செய்தாள். விம்மல், இடைவெளி, மீண்டும் விம்மல். நடுவே தன் குரல்: "மனசுல இருக்கறதெல்லாம் சொல்லு." பல் டாக்டர் 'வாயைத் திற' என்பதுபோல் இருந்தது. இந்தப் பகுதி பிரமாதமாக வந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அந்தத் திருப்தி அடங்குவதற்குள் அடுத்த விம்மல் வந்தது. கருவியை நிறுத்தினாள். அதற்கு மேல் ஒரு வரிகூடத் தட்டச்சு செய்யவில்லை.

வியாழக்கிழமை விசாரணைக் குழுவினர் மூவரும் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைவி வயதான பெண்மணி. ஊதுவத்தி கொளுத்தியிருந்ததில் நாற்றம் இன்னும் மோசமாகியிருந்தது. தவளைக்காரி நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

"இவங்க வெளியாள், எந்தப் பக்கமும் சாயாதவங்க," என்று இயக்குநர் மானிடவியலாளரை அறிமுகப்படுத்தினார். "ஒரு வருஷமா எல்லாரையும் கவனிச்சிட்டிருக்காங்க. அந்தப் பொண்ணோட கவனக்குறைவைப் பத்தி இவங்களே சொல்வாங்க."

"கதவை மூடற பழக்கம் உண்டா இவங்களுக்கு?" என்றார் தலைவி.

"உண்டு. வெள்ளிக்கிழமையும் மூடினாங்க. ஃப்ரீசருக்குப் போற மின்சாரத்தை நிறுத்தினது இயக்குநர். படத்துக்காக இழுத்தார். திங்கட்கிழமை காலையில அவரே திருப்பிப் போட்டார். வெள்ளிக்கிழமை பேனரைப் பிடிச்சிட்டு நின்னது நான்."

இயக்குநர் சிரித்தார். "மச்சினி. வீட்டுல ஏதோ மனஸ்தாபம், அதை இங்க காட்டறா."

"படம்னா, வாசல்ல மாட்டியிருக்கே, அதுவா?" என்றார் தலைவி.

அதுதான். பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். இயக்குநரின் கை சிவப்புக் கைப்பிடியை இழுக்கிறது. முகத்தில் மெழுகுவத்தி ஒளி. வாரம் முழுவதும் எல்லோரும் அதைக் கடந்துதான் உள்ளே வந்தார்கள். தலைவி மின்பணியாளரைக் கூப்பிட்டுக் கைப்பிடியை இறக்கச் சொன்னார். ஃப்ரீசரின் உறுமல் நின்றது. மணி அடிக்கவில்லை.

தவளைக்காரியின் வேலை தப்பியது. இயக்குநர் அன்றே காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். அக்காவிடமிருந்து போன் மேல் போன், மானிடவியலாளர் எடுக்கவில்லை.

ஃப்ரீசர் அறைக்குப் போனாள். தவளைக்காரி முழங்கை வரை கையுறையோடு கடைசித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"நான் தரையில உக்காந்து அழுதப்போ?"

"அப்பவும்."

தவளைக்காரி தட்டைத் திருப்பி மறுபக்கத்தைத் தேய்த்தாள்.

"பதிவு பண்ணதை அழிச்சிடறேன்," என்றாள் மானிடவியலாளர்.

"எதுக்கு? போட்டுக்குங்க. புத்தகத்துல நல்லா வரும்." அவள் தட்டை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். கதவை மூடணும்."

மூடினாள். ரப்பர் ஒட்டிக்கொண்டதா என்று நான்கு ஓரமும் விரலால் அழுத்திப் பார்த்தாள்.