தீயணைப்புக்காரனின் மனைவியும் அம்மாவும்

ரிம்மா பொய் சொல்லக் கற்றுக்கொண்டது ரயில் நிலையத்தில். அப்போது அவளுக்கு ஆறு வயது. கோடை விடுமுறைக்குத் தெற்கே போகிற ரயில் வருவதற்குள், அவளுடைய அப்பா பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு அவளை எதிரே நிறுத்திப் பரீட்சை வைப்பார். வீடு எங்கே? காட்டுப் பக்கத்தில். அப்பாவுக்கு என்ன வேலை? காட்டுத் தீயை அணைக்கிற வேலை. வானத்தில் என்ன பார்த்தாய்? மேகம். தப்பில்லாமல் சொன்னால் ஒரு மிட்டாய். பக்கத்தில் இன்னொரு பெட்டியின்மேல் இன்னொரு அப்பா, தன் பிள்ளையிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஊரிலிருந்து போன தீயணைப்புக்காரர்கள் எல்லோரும் நிஜமாகவே தீயை அணைத்திருந்தால் நாட்டில் ஓர் அடுப்புகூட எரிந்திருக்காது.

ஊர் வரைபடத்தில் கிடையாது. கடிதம் போட எங்கேயோ இருக்கிற ஒரு பெரிய நகரத்தின் பெயரும் கூடவே ஓர் எண்ணும், அவ்வளவுதான் விலாசம். பைன் காடு, ஏரி, சுற்றிலும் முள்வேலி, வாசலில் அனுமதிச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் சிப்பாய். பெற்ற தாயாக இருந்தாலும் சீட்டு இல்லாமல் உள்ளே வர முடியாது. காட்டுக்கு அப்பால் ராக்கெட் கிளம்பும்போது பள்ளிக்கூட ஜன்னல்கள் கடகடவென்று ஆடும். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்காமல் குரலை மட்டும் உயர்த்திப் பாடத்தைத் தொடர்வாள். பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார்கள். பார்க்காததுபோல் இருப்பதற்கு அங்கே யாரும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடும்.

ரிம்மாவின் அப்பா ராக்கெட்டுக்கு எரிபொருள் நிரப்புகிற குழுவில் இருந்தார். அந்த எரிபொருளை ஊரில் எல்லோரும் 'தைலம்' என்பார்கள். அழுகிய மீன் வாடை அடிக்கும். ஒரு குளிர்காலத்தில் குழாய் எங்கோ கழன்று அவர் தோளில் கொஞ்சம் கொட்டியது. கழுவித் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஒன்றுமில்லை என்றார். பிறகு கண் மஞ்சளாயிற்று, சோறு இறங்கவில்லை, கடைசியில் கைகால் வெட்டி இழுத்தது. இருதயம் நின்றுவிட்டது என்று ஊர் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் கொடுத்தார்கள். நின்றது உண்மைதான், யாருக்குத்தான் நிற்காது? எது நிறுத்தியது என்று கேட்க அவள் அம்மாவுக்கு வாய் வரவில்லை. ரிம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. ஊர் அவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டை அவர்களுக்கே விட்டார்கள். ரிம்மாவிடம், பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொன்னால் சிறை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எரிபொருள் குழுவின் உடைகளை வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலையும் போட்டுக் கொடுத்தார்கள்.

அங்கேதான் அர்க்காதி வந்தான், ஒற்றைக் கையுறை காணாமல் போய்விட்டது என்று சண்டை பிடிக்க. அவனும் அதே குழு. அந்தக் குழுவில் ஒருத்தனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று அப்பாவின் குழிமேட்டில் நின்று சத்தியம் செய்தவள்தான் ரிம்மா. மனசு கேட்டால்தானே! கையுறை அவன் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அடுத்த வருஷம் கல்யாணம்.

பத்து வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிள்ளை இல்லை என்ற குறையைத் தவிர வேறு குறை இல்லை. பிறகு அந்த ஜூன் மாதம் வந்தது. விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அர்க்காதி குளியலறையில் தன் உள்சட்டையைத் தானே துவைத்துக்கொண்டிருந்ததை ரிம்மா பார்த்தாள். தின்ற தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன்! சட்டை கொடியில் காய்ந்தபோது போய் முகர்ந்தாள், அதே அழுகிய மீன் வாடை. ஏரியில் மீன் பிடித்தேன் என்றான் அவன். சலவைக்கூடத்தில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியவளிடம் மீன் கதை.

அவன் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியும். சொன்னால் மருத்துவக் குழு முன்னால் நிறுத்துவார்கள், விடுமுறை போய்விடும், குழுவிலிருந்தும் தூக்கிவிடுவார்கள். கிராமத்தில் தனியாக இருக்கிற அம்மாவை அவன் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கொஞ்சம்தான் பட்டிருக்கும், ஒன்றும் ஆகாது என்று அவளும் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஊர்க் கடையில் மட்டும் தாராளமாகக் கிடைக்கிற ஸாஸேஜும் டப்பாப் பாலும் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ரயில் ஏறினார்கள்.

அவன் அம்மா அக்ஸீனியாவுக்கு எழுபது வயது. கூட்டுப்பண்ணையில் மாடு கறந்து கறந்து விரலெல்லாம் முண்டு முடிச்சாக இருக்கும். மகனைக் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டியைக் காட்டுகிறேன் வா என்று தொழுவத்துக்கு இழுத்துப் போனாள். இரண்டு பேரும் வெகுநேரம் வெளியே வரவில்லை. அம்மாவும் பிள்ளையும் பேச ஆயிரம் இருக்கும் என்று ரிம்மா சாமான்களை எடுத்து வைத்தாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு மித்ரோஃபான் கிழவர் ஸாஸேஜ் வாசனை பிடித்து வந்து உட்கார்ந்துகொண்டு, எங்கே தம்பி தீப்பிடித்தால் இப்படி ஸாஸேஜாகக் கொடுக்கிறார்கள், சொன்னால் நானும் போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேனே என்று கிண்டல் பண்ணினார். அக்ஸீனியா முகம் மாறாமல், புகையில் நிற்கிறவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும் என்று அவர் வாயை அடைத்தாள். பாவம், எப்படி நம்புகிறாள் என்று ரிம்மாவுக்கு மனசு குறுகுறுத்தது.

மூன்றாம் நாள் அர்க்காதி புல் வெட்டப் போன இடத்தில் வாந்தி எடுத்தான். மறுநாள் காலையில் அவன் கண் வெள்ளை மஞ்சளாகியிருந்ததைப் பார்த்ததுமே ரிம்மா ஆள் கூப்பிட ஓடினாள். பண்ணை டிராக்டரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து வட்டார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருபது கட்டில் உள்ள மரக் கட்டிடம். டாக்டர் தைஸியா ஐம்பது வயதுக்காரி, களைத்த முகம், பொறுமையான கை. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் அம்மா.

"என்ன குடிச்சாரு? மறைக்காம சொல்லுங்க. நான் ஒண்ணும் போலீஸ் இல்ல."

குடிக்கிற பழக்கம் இல்லை என்றாள் ரிம்மா. எல்லாப் பெண்டாட்டியும் இதைத்தான் சொல்வாள் என்பதுபோல் டாக்டர் பார்த்தாள்.

"சரி, வேலை என்ன? ஏதாவது மருந்து, பெயின்ட்டு, ரசாயனம் புழங்கற வேலையா?"

ரிம்மா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலைத்துணியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீயணைப்பு வேலை" என்றாள் ரிம்மா.

"ஆமா, தீயணைப்புதான்" என்றாள் அக்ஸீனியா.

இந்த இடத்தில் ரிம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் ஆறு வயதில் பழகிய பதில், அவள் யோசிக்கும் முன்பே வாயைவிட்டு வந்துவிட்டது. சிறை என்ற பயமும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தத் தாயின் எதிரில் எப்படிச் சொல்வது? உன் பிள்ளை உன்னிடம் பதினைந்து வருஷமாகப் பொய் சொல்லியிருக்கிறான், அவன் உடம்பில் ஏறியிருப்பது என் அப்பாவைக் கொன்ற விஷம் என்று சொன்னால் கிழவி அங்கேயே விழுந்துவிட மாட்டாளா? அவள் ஒரு நிமிஷம் எழுந்து வெளியே போகட்டும், டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று ரிம்மா காத்திருந்தாள்.

கிழவி எழுந்தால்தானே. போய் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வாங்கள் அம்மா என்று ரிம்மா கெஞ்சினாள். எனக்கு வேண்டாம், நீ போய்க் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வா என்று அவள் இவளை விரட்டினாள். முழங்கால் வலிக்குமே என்றாள் இவள். சின்ன உடம்பு, உனக்குத்தான் தூக்கம் வேண்டும் என்றாள் அவள். டாக்டர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள், தெரிந்த மருந்தை எல்லாம் கொடுத்தாள். நர்சு இந்த மாமியார் மருமகளைப் பார்த்து, இப்படி ஒட்டுதலை நான் எங்கேயும் கண்டதில்லை என்று மற்ற நோயாளிகளிடம் சொன்னாளாம். அந்தப் பகலும் இரவும், அடுத்த பகலும் இரவும், இரண்டு பேரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. அர்க்காதி நடுநடுவே கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுப்பான், பிறகு மூடிக்கொள்வான். அவனும் அந்த ஊர்க்காரன்தானே, பாவி.

அதற்கும் மறுநாள் காலையில் அவனுக்குக் கைகால் வெட்டி இழுத்தது. ரிம்மா ஏற்கெனவே ஒரு முறை பார்த்த காட்சி. ஊசி போட்டு அடக்கிவிட்டு டாக்டர் வெளியே போனதும், ரிம்மா மாமியாரைப் பற்றி யோசிக்காமல் பின்னாலேயே ஓடினாள். தாழ்வாரத்தில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ராக்கெட், தைலம், மீன் வாடை, அப்பா, உள்சட்டை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொற்களை வெளி மனுஷி ஒருத்தியிடம் சொன்னாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

டாக்டர் ஒன்றும் கேட்காமல் போய் மாகாண ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"அதுக்கு ஒரு ஊசி இருக்காம். ரொம்பச் சாதாரணமான ஊசி. நம்ம அலமாரியிலயே பெட்டி பெட்டியா கிடக்கு" என்றாள். "முந்தாநாளே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், ரிம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

போட்டார்கள். மறுபடியும் மறுபடியும் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் அர்க்காதி இறந்துபோனான்.

முள்வேலி ஊரிலிருந்து சாதாரண உடையில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். டாக்டரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், வெளியே வந்தபோது அர்க்காதிக்கும் இருதயம்தான் நின்றிருந்தது. கிராமத்து இடுகாட்டில், பிர்ச் மரங்களுக்குக் கீழே, அவன் அப்பாவின் பக்கத்தில் புதைத்தார்கள். வீட்டில் சடங்குப்படி தேன் விட்ட கோதுமைக் கஞ்சியும் அப்பமும் வைத்தாள் அக்ஸீனியா. தீயில் எத்தனை பேரைக் காப்பாற்றினானோ என்று மித்ரோஃபான் கிழவர் மூக்கைச் சிந்தினார். இந்த முறை கிண்டல் இல்லை, நிஜமாகவே அழுதார். அதைக் கேட்க ரிம்மாவுக்குத் தாங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு இரண்டு பெண்களும் பாத்திரம் கழுவினார்கள். வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்துகிடந்தது. இந்தப் பொய்யை இனியும் சுமக்க முடியாது என்று ரிம்மாவுக்குப் பட்டது. பெற்றவளுக்காவது தன் பிள்ளை எதனால் செத்தான் என்று தெரிய வேண்டாமா? திட்டினால் திட்டட்டும், வீட்டை விட்டே துரத்தினாலும் துரத்தட்டும்.

"அம்மா, அவரு தீயணைப்புக்காரர் இல்ல" என்றாள்.

அக்ஸீனியா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்."

ரிம்மாவுக்குப் புரியவில்லை.

"வேலைக்குப் போன முதல் வருஷமே சொல்லிட்டான். அம்மாகிட்ட எதைத்தான் மறைச்சான் அவன்? நீ பயந்த பொண்ணு, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உனக்குத் தூக்கம் வராது, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கல்யாணத்தப்ப சத்தியம் வாங்கிட்டான்." துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள். "இந்தத் தடவை வந்த அன்னிக்கே தொழுவத்துல வெச்சு சொன்னான். மேல கொட்டிடுச்சும்மா, ரிம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, அவ அப்பா இதுலதான் போனாரு, தெரிஞ்சா அவளும் உயிரை விட்டுடுவான்னு."

"எனக்கு அதுக்கு முந்தியே தெரியும்மா" என்றாள் ரிம்மா.

கிழவியின் கை நின்றது. மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடணும்னு துடிச்சேன். எழுபது வயசுக் கிழவிய ஜெயில்ல போட்டாத்தான் போடட்டும், எனக்கென்ன. உன் காதுல விழக் கூடாதேன்னுதான்... நீ ஒரு நிமிஷம் எழுந்து போவியான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் கண்ணு. நீ போகவே இல்லையே."

"நீங்க போவீங்களான்னு நான் பார்த்தேன்மா."

ரிம்மா அடுப்போரம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அக்ஸீனியா தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கத்தி அழு" என்றாள். "யாருக்குக் கேட்டா என்ன இப்ப?"

ரிம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அந்த ஊரில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.