சைக்கிள் பாதையில் நின்ற கார்

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் காலை வேளையில் தாம்பரம் ஸ்டேஷனை நோக்கிச் சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும். ஆபீஸ் குமாஸ்தாக்கள், பல்லாவரம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், வாத்தியார்கள், நர்சுகள். ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருந்த வெட்டவெளியில் வேப்பமரத்திலும் சுவரிலும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள். மாலையில் வந்து தன் சைக்கிளை உருவி எடுப்பதற்குள் நாலு சைக்கிள் சரிந்து விழும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

எழுபதாம் வருஷத்தை ஒட்டித்தான் அந்த இடத்துக்குக் கார்கள் வர ஆரம்பித்தன. சுற்றிலும் புதுக் காலனிகள் எழுந்தன. மனைவியை ரயிலேற்ற வந்தவர்களும் மாமனாரை அழைத்துப் போக வந்தவர்களும் காரை நிறுத்த இடமில்லாமல் ஹாரன் அடித்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஸ்டேஷன் சாலையைச் சீர்படுத்த ஒரு கமிட்டி வைத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர் ஸ்ரீரங்கன் அதற்குத் தலைவர். சைக்கிள்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒரு சங்கம் வைத்தார்கள். தலைவராக லாசரஸைப் பிடித்துப் போட்டார்கள்.

லாசரஸ் பாரிமுனையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க். சேலையூரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற கணீரென்ற குரல். இங்கிலீஷிலும் சரளமாகப் பேசுவார். கமிட்டிக்காரர்களோடு சரிசமமாக உட்கார்ந்து பேச இவரைவிட்டால் ஆள் இல்லை என்று சைக்கிள்காரர்கள் நினைத்தார்கள். லாசரஸும் அப்படித்தான் நினைத்தார்.

ஸ்ரீரங்கன் அவரை வீட்டுக்கே அழைத்தார். காப்பி கொடுத்தார். மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"மிஸ்டர் லாசரஸ், ஸ்டேஷன் வாசல் கார்களுக்கு. சைக்கிளை எல்லாம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால ஷெட் போட்டு நிறுத்திக்கலாம். கொஞ்சம் நடக்கணும்தான். ஆனா அதுக்குப் பதிலா உங்க ஆளுங்களுக்கு ஒண்ணு தரேன் பாருங்க." சாலை ஓரமாக நீல மையில் போட்டிருந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "சேலையூர் முனையிலேருந்து ஸ்டேஷன் வரைக்கும் தனியா சைக்கிள் பாதை. வெள்ளையடிச்ச கல்லு வச்சுப் பிரிச்சிடுவோம். லாரி, பஸ் தொந்தரவே கிடையாது."

லாசரஸுக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த மாதிரி ஒரு மனிதர் 'மிஸ்டர் லாசரஸ்' என்று அழைத்ததும் அதில் பாதி காரணம். அங்கேயே சம்மதித்துவிட்டார்.

சங்கத்தில் வந்து சொன்னபோது துளசிங்கம் மட்டும் முகத்தைச் சுளித்தான். மாடம்பாக்கத்துக்காரன், பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் வேலை.

"எல்லாம் சரி சார். அந்தப் பாதையில காரு ஏறி நின்னுகினா இன்னா பண்ணுவே?"

"அதெல்லாம் நிக்காது துளசிங்கம். ஸ்ரீரங்கன் சார் வாக்குக் குடுத்திருக்காரு. அவர் ஜென்டில்மேன்."

"நீ சொன்னா சரி சார்" என்றான் துளசிங்கம்.

பாதை நிஜமாகவே வந்தது. திறப்பு விழாவில் லாசரஸுக்கு மாலை போட்டு முதல் சைக்கிளை அவரையே ஓட்டச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் கைதட்ட, கழுத்து மாலை முழங்காலில் இடிக்க இடிக்க அவர் ஓட்டிப் போனார். அவர் மனைவி கிருபா அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தாள்.

சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஸ்டேஷன் வாசலில் கார்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தது. ரொட்டிக் கடைக்கு எதிரில் ஒரு கார் வெள்ளைக் கற்களைத் தாண்டிப் பாதைமேல் ஏறி நின்றது. அடுத்த வாரம் அதன் பின்னால் இன்னொன்று. சைக்கிள்காரர்கள் அந்த இடம் வந்ததும் இறங்கியோ வளைத்தோ பெரிய சாலைக்குள் போய்த் திரும்பிப் பாதைக்கு வரவேண்டியிருந்தது. சங்கத்தில் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு முறையும் லாசரஸ், "நான் ஸ்ரீரங்கன் சார்கிட்ட பேசறேன்" என்பார். போய்ப் பேசவும் செய்வார். காப்பி வரும், ஊர்க்கதை வரும். எழுந்திருக்கிற நேரத்தில், "அந்தக் கார் விஷயம் கொஞ்சம் பாருங்க சார்" என்பார். "அதுக்கென்ன, பார்த்துடுவோம்" என்பார் ஸ்ரீரங்கன். சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடு லாசரஸ் வீட்டுக்குப் போவார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், லாசரஸின் சைக்கிள் ரிப்பேருக்குப் போயிருந்தது. மாலை ரயிலில் இறங்கி, குடையை மழைக்குச் சாய்த்துப் பிடித்தபடி நடந்து வந்துகொண்டிருந்தார். ரொட்டிக் கடைக்கு எதிரில், சைக்கிள் பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு அம்பாசிடர் நின்றது. அவருக்கே கோபம் வந்தது. இன்றைக்காவது யாரையாவது கேட்டுவிடுவது என்று கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. உள்ளே ஸ்ரீரங்கன்.

"அடடே, மிஸ்டர் லாசரஸ்! என்ன இப்படி நனையறீங்க? ஏறுங்க ஏறுங்க. டிரைவர் ரொட்டி வாங்கப் போயிருக்கான். உங்க வீட்டு வழியாத்தான் போறேன்."

'சார், உங்க கார் பாதைமேல நிக்குது' என்ற வாக்கியம் லாசரஸின் வாயில் முழுசாகத் தயாராக இருந்தது. "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்கிப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. ஸ்ரீரங்கன் தன் மகளுக்கு வரன் பார்க்கிற கதையைச் சொன்னார். லாசரஸ் 'ம்' கொட்டினார். சைக்கிள்கள் பின்னாலிருந்து வந்து, காரைக் கண்டதும் தயங்கி, சாலைக்குள் வளைந்து போயின. ஒவ்வொரு சைக்கிளும் கடக்கும்போது லாசரஸ் சீட்டில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஞானசௌந்தரி வந்தாள். டெலிபோன் ஆபீசில் வேலை செய்கிற பெண். மாடம்பாக்கத்திலிருந்து தினம் லேடீஸ் சைக்கிளில் வந்து போகிறவள். ஊரில் சிலர் வாய்க்கு வந்தபடி பேசியும் சைக்கிளை விடாதவள். சங்கக் கூட்டத்துக்கு வருகிற ஒரே பெண்ணும் அவள்தான். நனைந்த முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். காருக்குப் பக்கத்தில் வந்து காலை ஊன்றி நின்றாள். மணியில் விரல் வைத்தவள், கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். லாசரஸ் சட்டென்று குனிந்து குடையைச் சரி செய்தார். நிமிர்ந்தபோது அவள் சைக்கிளைச் சாலைப் பக்கம் திருப்பியிருந்தாள்.

மணல் லாரி ஒன்று நீரை வாரி இறைத்துக்கொண்டு வந்தது. ஹாண்டில்பாரில் அது உரசின சத்தம் பெரிதாகக்கூட இல்லை. சைக்கிள் சுழன்று விழுந்தது. அதன்மேல் அவள் விழுந்தாள். லாரி நிற்கவில்லை.

டிரைவர் ரொட்டியோடு ஓடி வந்து ஏறினான். ஸ்ரீரங்கன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஐயோ பாவம், யாரோ விழுந்துட்டா போலிருக்கே. ஜனங்க வராங்க, பார்த்துப்பாங்க. கூட்டம் கூடினா நாம மாட்டிப்போம். எடுப்பா."

லாசரஸ் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். அதைத் திருப்பவில்லை. கார் கிளம்பிவிட்டது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. கிருபா கேட்டதற்கு ஜலதோஷம் என்றார்.

மறுநாள் காலை கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் எல்லோரும் கூடி நின்றார்கள். ஞானசௌந்தரிக்கு முழங்கால் நொறுங்கிவிட்டதாம். துளசிங்கம்தான் ரிக்ஷாவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான். அவன் சட்டையில் இன்னும் ரத்தக் கறை இருந்தது.

"லாரிக்காரன் கெடக்கறான் சார். பாதைய மறிச்சுகினு நின்னானே ஒருத்தன், அவன் யாருன்னு தெரியணும் எனுக்கு. நாங்க ஓடியாறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான். நீயும் அந்த ரயில்லதான வந்தே? காரு நம்பரைப் பாத்தியா சார்?"

எல்லோரும் லாசரஸைப் பார்த்தார்கள்.

"இல்லப்பா" என்றார். "நான் பார்க்கல."

சொன்ன பிறகு தன் குரலின் கணீரென்ற சத்தமே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

போகாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். ஞானசௌந்தரி இடுப்புவரை மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அவள் தாய் ஞானம்மாள் அவரைப் பார்த்ததும் பதறி எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"ஐயா, நீங்களே வந்தீங்களா! ஏழை எளியதுங்களுக்குப் பாதை வாங்கிக் குடுத்த மகராசன் நீங்க. என் பொண்ணோட நேரம், இப்படி ஆயிட்டுது. ஜெபம் பண்ணுங்கய்யா."

அவர் ஜெபம் பண்ணினார். கண்ணை மூடிக்கொண்டு என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது. ஆமென் சொன்னதும் ஞானசௌந்தரி தாயிடம் வெந்நீர் வேண்டும் என்று பிளாஸ்க்கைக் கொடுத்து அனுப்பினாள்.

"ஞானசௌந்தரி, அன்னிக்கு நான்..."

"கார்ல இருந்தீங்க. பார்த்தேன் சார்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஞானசௌந்தரி அந்தச் சத்தம் போன பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வேற யாரு கார் நின்னாலும் நான் விடமாட்டேன் சார். நகர்த்தற வரைக்கும் மணி அடிச்சுகிட்டே நிப்பேன். ரொட்டிக் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அன்னிக்கு உங்களைப் பார்த்துட்டேன். பெரியவங்க பேசிக்கிட்டிருக்கீங்க, நடுவுல நான் மணி அடிச்சா உங்களுக்குத் தலையிறக்கமா போயிடுமேன்னு ஒதுங்கினேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "அம்மாகிட்ட சொல்லல. துளசிங்கம் அண்ணன்கிட்டயும் சொல்லல. ஆனா விழுந்து கிடக்கறப்போ, நீங்க இறங்குவீங்கன்னுதான் பார்த்துகிட்டே இருந்தேன். ஏன் சார் இறங்கல?"

"கைப்பிடில கை வச்சேன்மா" என்றார் லாசரஸ்.

அதைவிடக் கேவலமான பதில் ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்று, சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. ஞானம்மாள் பிளாஸ்க்கோடு திரும்பி வந்தாள். ஐயாவுக்குக் காப்பி கலக்கட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, படி இறங்கிப் போனார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நேரே சங்கக் கூட்டத்துக்குப் போனார். வேதபாடம் வாசிக்க வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளும்படி குருவானவரிடம் சொல்லியிருந்தார். ஷெட்டுக்குள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு மட்டும் நாற்காலி. அவர் உட்காரவில்லை.

"அது ஸ்ரீரங்கன் சாரோட கார். நான் அதுக்குள்ள இருந்தேன். பொண்ணு விழுந்ததைப் பார்த்தேன். இறங்கல."

துளசிங்கம் எழுந்தான்.

"நம்பரைப் பாத்தியான்னு உன்னியத்தான சார் கேட்டேன்."

"ஆமா."

"இல்லன்னியே."

"ஆமா."

துளசிங்கம் அவரை ஏசியிருக்கலாம், கை நீட்டியிருந்தால்கூட லாசரஸ் வாங்கிக்கொண்டிருப்பார். அவன் அப்படி எதுவும் செய்யவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவன் பின்னால் மற்றவர்களும் ஒருவர் ஒருவராகப் போனார்கள்.

கமிட்டிக் கூட்டத்திலும் லாசரஸ் அதையே சொன்னார். ஸ்ரீரங்கன் முகம் சிவந்துவிட்டது. "லாரிக்காரன் தப்புக்கு நீங்க ஏன் மிஸ்டர் லாசரஸ்..." என்று ஆரம்பித்தவர், எதிரில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த மாதமே அவர் தலைவர் பதவியை விட்டுவிட்டார். பாதையின் ஓரத்தில் கார் நுழைய முடியாதபடி இடுப்பளவு கருங்கல் தூண்கள் நடலாம் என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. குழி தோண்டும் வேலையைச் சைக்கிள்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

லாசரஸும் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அவரை யாரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கடப்பாரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது, அவர் கைக்கு மட்டும் வரவில்லை. அவர் ரொட்டிக் கடைக் குழாயில் குடத்தைப் பிடித்து, தோண்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தார்கள். துளசிங்கம் மட்டும் தெரு முனைவரை நடந்து போய்ச் சோடா வாங்கிக் குடித்தான்.

தூண்கள் நின்றன. கார்கள் ஏறவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் லாசரஸைப் பார்த்தால், "சைக்கிள் பாதை சார்தானே நீங்க? ஊருக்கு எவ்வளவு பெரிய உபகாரம்!" என்று கை குலுக்கினார்கள். விஷயம் தெரிந்த யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா என்று அவர் கண் தேடும். இல்லாவிட்டாலும் தலை தாழ்ந்துவிடும்.

வெயில் காலத்தில் ஞானசௌந்தரி வேலைக்குத் திரும்பினாள். கால் மடங்காது. சைக்கிளை விற்றுவிட்டார்கள். பஸ்ஸில் வந்து, கடைத்தெருவின் கோடியில் இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஸ்டேஷன்வரை நடந்து வருவாள். லாசரஸ் அவளைத் தூரத்தில் பார்த்ததும் பிளாட்பாரத்தின் மறுகோடிக்குப் போய்விடுவார். பல நாள் அப்படி நடந்தது. ஒரு காலை அவளே அவரைத் தேடி வந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டியது.

"வணக்கம் சார். ஏன் சார் ஓடறீங்க? உங்களைத் துரத்த எனக்குக் கால் இல்ல."

அவர் நகர்ந்து பெஞ்சில் அவளுக்கு இடம் காட்டினார்.

"பஸ் ஸ்டாப்பை ஸ்டேஷன் கிட்ட கொண்டுவரணும் சார். இந்தக் காலோட அவ்வளவு தூரம் முடியல. என்னை மாதிரி இன்னும் எத்தனையோ பேர், பிள்ளைத்தாச்சிங்க, வயசானவங்க. கமிட்டில போய்க் கேக்கலாம்னு இருக்கோம். நீங்க வருவீங்களா?"

லாசரஸ் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரேம்மா. ஆனா நீ பேசு. நான் பின்னால நிக்கறேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். மன்னித்தாளா, இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்கிற தைரியமும் வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சார்" என்றாள். "துளசிங்கம் அண்ணனும் வராரு."

ரயில் வந்தது. அவள் பெண்கள் பெட்டியை நோக்கி மெல்ல நடந்தாள்.